சாரனில் சுற்றிய கேம் பெட்டி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ராத்தாவை, அதாவது என் அக்காவைக் கட்டிய மச்சான் வரும்போது கொண்டுவந்தது ஒரு பயணப் பையும், டிவியில் பூட்டி விளையாடும் ஒரு கேம் பெட்டியும். பையைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அந்தப் பெட்டிதான் என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. வாப்பா வாங்கித் தந்த பழைய கம்பியூட்டர் ஒன்று இருந்தது. அதற்குள் எனக்கென்று ஒரு ஊர் இருந்தது. மவுஸைப் பிடித்து நானே வீதி போட்டு, வீடு கட்டி, ஆற்றை வளைத்து உண்டாக்கிய ஊர். அங்கே எந்நேரமும் அசர் தொழுகை நேரத்துச் சாயங்கால வெயில்தான். சின்னச் சின்ன மனிதர்கள் சத்தமில்லாமல் நடந்து திரிவார்கள். கூரைகளில் மஞ்சள் வெளிச்சம் ஊறிக் கிடக்கும். எங்கள் ஜன்னலால் வரும் கடல் இரைச்சல், அந்த ஊரின் கடைசி வீதிக்கு அப்பாலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் திறந்தபடியே தூக்கம் வரும். பள்ளிக்கூடம், மதரஸா எல்லாம் போக, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் அங்கே போய்வர எனக்குக் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் கல்முனை பஸாரில் ஃபோன் திருத்தும் கடையை மூடிவிட்டு வருவார். முகம் கழுவி, டிவிக்கு முன்னால் பாயை விரித்து, இரண்டு கொன்ட்ரோலர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மனைவியின் தங்கையான என்னைக் கூப்பிடுவார்.

"மச்சி, வாங்களன், ஒரு மெட்ச் அடிப்பம்."

நான் காது கேளாதவள் மாதிரி இருப்பேன். உம்மா குசினியிலிருந்து வந்து என் தொடையில் கிள்ளுவா.

"மச்சான் கூப்பிட்டா மாட்டன் எண்டு சொல்லக்கூடா புள்ள. அவர் என்ன நினைப்பார்? எழும்பு."

வீட்டில் வேறு ஆளில்லையா என்று கேட்டால், இருந்தார்கள்தான். உம்மா மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கமாட்டா. கதவுக்குப் பின்னால் நின்று 'தேத்தண்ணி வேணுமாமா?' என்று என்னைவிட்டுக் கேட்பா. வாப்பா கதைத்தால் வயலைப் பற்றித்தான் கதைப்பார். மச்சானுக்கு வயலில் எது வரம்பு, எது வாய்க்கால் என்றே தெரியாது. ராத்தா பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பா. ஆக, அகப்பட்டது நான்.

டிவியின் பச்சைத் திடலில் எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓட, என் ஆள் மட்டும் கோட்டுக்கு வெளியே போய் நிற்பான். பெருவிரலால் ஒரு குச்சியை ஆட்டி மனிதனை ஓடவைப்பதென்பது, கயிறில்லாமல் மாட்டைக் கூட்டிப் போகிற வேலை. மச்சான் பந்தை நிறுத்திவைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, ஆறுதலா வாங்க" என்று காத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தப் பக்கம் என் ஊர் கேட்பாரற்றுக் கிடந்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சான் ஜும்ஆ தொழுகை முடிந்து சாய்ந்தமருதில் தன் உம்மா வீட்டில்தான் சாப்பிடுவார். கேம் பெட்டி அங்கே இருந்தால், அங்கேயே விளையாடிவிட்டு வருவாரே! மற்ற ஆறு நாளும் எனக்கு. ஒருவருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்து வீடே கண்ணயர்ந்திருந்த நேரம், அந்தப் பயணப் பைக்குள் பெட்டியை வைத்தேன். கீறல் விழுந்துவிடக்கூடாதே என்று கொடியில் காய்ந்துகொண்டிருந்த மச்சான் இடுப்பில் உடுத்தும் சாரன்கள் மூன்றை எடுத்து நன்றாகச் சுற்றினேன். கடற்கரை வீதியால் நடந்தேன். வெயிலில் வீதி தண்ணீர் மாதிரி நெளிந்தது. இழுத்துப் போட்டிருந்த தோணிகளின் நிழலில் நாய்கள் படுத்திருந்தன. ஓர் ஆளில்லை. என் கம்பியூட்டர் ஊருக்குள்ளேயே நடப்பதாக நினைத்துக்கொண்டு, பாரமும் தெரியாமல் போய்ச் சேர்ந்தேன்.

மச்சானின் உம்மாவை நான் மாமி என்பேன். மாமி சந்தோசமாகத்தான் வந்தா. பையை வாங்கித் திறந்தா. மேலே கிடந்த மகனின் சாரன்களைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டா.

"யா அல்லாஹ்! இதென்ன புள்ள? ஆர் தந்தனுப்பின?"

நான் மரியாதையாகவே பதில் சொன்னேன். "இதுக்கு எங்கட வீட்டுல இடமில்ல மாமி. இனி இஞ்சயே இருக்கட்டும்."

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. "ஆறு மாசம் ஆகல்லையே! என்ட புள்ள என்ன பிழை செஞ்சான்? உடுப்போட அனுப்பிட்டாங்களே!" பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம். மாப்பிள்ளையின் சாமானை அவர் தாய் வீட்டுக்கு அனுப்பினால், எங்கள் ஊரில் அதற்கு 'இந்த மாப்பிள்ளை வேண்டாம்' என்ற ஒரே ஓர் அர்த்தம்தான் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாமி ஃபோன் எடுத்து பத்து நிமிடத்தில் மச்சான் வந்து நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சாரன்களைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் வற்றிப் போனதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. என் முன்னால் குந்தி மெல்லக் கேட்டார்.

"ராத்தா ஏதும் சொன்னவவா?"

"இல்ல. ராத்தாக்குத் தெரியா. நானாத்தான் கொண்டு வந்த."

"ஆரும் என்னைப் பத்தி ஏதும் கதைச்சாங்களா?"

"இல்லையே. எனக்குக் கம்பியூட்டர்ல விளையாடணும், அதுக்குத்தான்."

அவர் சிரித்தார். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு எழும்பி, "சின்னப்புள்ள செஞ்ச வேலை உம்மா, அழாதீங்க" என்று சொல்லிச் சாரன்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் பையைக் கட்டிப்பிடித்தபடி நான். வெயில் இறங்கி, கடல் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. காற்றில் எல்லாமே மிதந்துகொண்டு போயின.

"கம்பியூட்டர்தான் நல்லமா மச்சி?"

விடுவேனா! மவுஸ் வைத்த இடத்தில் நிற்கும், ஆயிரம் வேலை செய்யும், ஊரே கட்டலாம், உங்கள் பெட்டியில் பந்தை விட்டால் என்ன இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டு வந்தவர் கடைசியில் சொன்னார்.

"எண்டாலும் அதுல பக்கத்துல ஒராள் இருந்து விளையாட ஏலாதே."

"பக்கத்துல ஆள் இல்லாட்டித்தானே மச்சான் நல்லம்!"

அவர் தலையை ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். வென்றுவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீடு வந்தது. மச்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கேற்றடியில் ஹோர்ன் அடித்துவிட்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று நின்றார். கொண்டி உள்பக்கம்தான், கம்பிக்குள்ளால் கையை விட்டால் திறந்துவிடலாம், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் திறப்போம். நான் குதித்து இறங்கி, கையை விட்டுத் திறந்து காட்டினேன். இத்தனை மாதமாகியும் இதுகூடத் தெரியாத மனிதருக்குக் கம்பியூட்டரின் அருமை எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.