ஏரிக்கரையில் வெட்டிய கிணறு

மலாயாவுக்கு வந்து இறங்குபவனை முதலில் குழப்புவது காடுமல்ல, சீனர்களின் கடைத்தெருவுமல்ல; சவர்க்காரந்தான். எங்கள் பகுதியான வலிகாமத்துக் கிணற்றின் சுண்ணாம்புத் தண்ணீரில் குளித்து வளர்ந்த எவருக்கும் நான் சொல்வது விளங்கும். எங்கள் ஊரில் கட்டி தேயும்வரை தேய்த்தாலும் நுரை என்று பேருக்குக் கொஞ்சம் வரும். அடுத்த வாளியோடு அதுவும் போய்விடும். இங்கே குழாயில் வருவது மலைத் தண்ணீர். சவர்க்காரத்தைக் கையில் எடுத்ததுதான் தாமதம், முழங்கைவரை நுரை பொங்கிவிடுகிறது. பொங்கியது போகத்தான் மாட்டேன் என்கிறது. வாளி வாளியாக ஊற்றினாலும் உடம்பில் ஒரு வழுவழுப்பு மிச்சம் நிற்கிறது. வந்த புதிதில் இதற்காகவே நான் கந்தோருக்குப் பிந்திப் போயிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. என் மனைவி பூரணத்துக்குத்தான் பழகவில்லை. கோப்பாயிலிருந்து வந்த அன்று குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டி, “இஞ்சருங்கோ, இந்தத் தண்ணி கழுவுதில்லை. என்ன தண்ணியப்பா இது?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் ரயில்வேக் கந்தோரில் கிளாக்கர். ஊர் சண்டிலிப்பாய். நீண்ட லீவில் போய்க் கலியாணம் முடித்து, பூரணத்தைக் கூட்டிக்கொண்டு பேராக் மாநிலத்திலுள்ள இந்தப் பட்டணத்துக்கு வந்திருந்தேன். தண்ணீரில் தொடங்கிய குறை ஒவ்வொன்றாகப் பெருகியது. முருங்கைக்காயில் மணமில்லை. மழை நினைத்த நேரமெல்லாம் பெய்கிறது, அதற்கு ஒரு மாதமும் இல்லை, முறையும் இல்லை. பக்கத்து வீட்டுச் சீனத்தி நல்லவள்தான், ஆனால் அவளோடு கதைப்பதற்குக் கைதான் வேண்டும், வாய் உதவாது. சாப்பாடு குறைந்தது. பகலெல்லாம் யன்னலருகே இருந்து தெருவைப் பார்ப்பாள், ஆனால் தெருவைப் பார்க்கமாட்டாள். ஒருநாள் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னே சொன்னாள்: “என்னை அடுத்த கப்பலிலை அனுப்பிவிடுங்கோ. நீங்கள் லீவுக்கு வாருங்கோ. நான் அங்கை இருக்கிறன்.”

அப்படிப் பிரிந்து வாழும் குடும்பங்கள் எங்களுக்குள் எத்தனை என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணவன் இங்கே, மனைவி அங்கே. மாதாமாதம் காசு போகும், பிள்ளைகள் தகப்பனைப் படத்தில் பார்த்துப் பழகுவார்கள். எனக்கு அந்த வாழ்வு வேண்டாம். சீனன் கடைச் சோற்றைத் தின்றுகொண்டு தனியே கிடந்த காலம் போதும் போதும் என்றாகியிருந்தது. அவளில்லாத வீட்டை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை. “பென்ஷன் எடுத்த அடுத்த மாதமே ஊருக்குப் போய்விடுவோம்” என்று கலியாணத்தின்போது அவளுடைய தாய்க்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். பென்ஷனோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

“மலைக்காற்றுப் பட்டால் மனம் தெளியும், கொஞ்ச நாள் கூட்டிப் போ” என்றார் டாக்டர். மலைமேலுள்ள பங்களாக்கள் வெள்ளைக்காரருக்கு. எங்களைப் போன்றவர்கள் அங்கே தங்குவதென்றால் சமையல்காரனாகக் குசினியில்தான் தங்கலாம். நில அளவைப் பகுதியில் வேலை செய்த சிநேகிதர் ஒருவர் வழி சொன்னார். மலைகளுக்கு நடுவே ஆற்றை மறித்து அணை கட்டியதால் புதிதாக ஒரு ஏரி உண்டாகியிருக்கிறது. கரையில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். கூடாரத்தையும் அவரே இரவல் தந்தார். நான் பூரணத்திடம் பேரம் பேசினேன். “கொஞ்ச நாள் வந்து இருந்து பார். அதுக்குப் பிறகும் போகத்தான் வேணுமெண்டால் டிக்கற் எடுத்துத் தாறன்.” அவள் ஓம் என்றாள். டிக்கற் என்ற சொல்லுக்காகத்தான் ஓம் என்றாள் என்பது எனக்குத் தெரியும்.

படகோட்டி ஒரு மலாய்க்காரர். பாக் மான் என்று கூப்பிட்டோம். பாக் என்றால் அவர்கள் மொழியில் ஐயா போன்ற மரியாதைச் சொல். வழிகாட்டி, சுமைகாரன், காவல் எல்லாம் அவர்தான். தண்ணீருக்குள் மூழ்கிப்போன காட்டின் பட்டமரங்கள் நடு ஏரியில் நின்றன. சுற்றிவர மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. மேடு என்றால் புழுதி குவித்த வரம்பு என்று அறிந்த எங்களுக்கு அது பெரிய காட்சிதான். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். பூரணம் சீலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்துக்கொண்டு படகின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக் மான் முதலில் காட்டிய இடம் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேடு. நிழலுக்கு மரங்கள், நல்ல காற்று, காலடியில் ஏரி. அட்டைக் கடி இல்லை, மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும் என்று கையால் விளக்கினார். எனக்கு அப்போதே கூடாரத்தை இறக்க ஆசை. பூரணம் சுற்றிப் பார்த்துவிட்டு, “தண்ணிக்கு என்ன செய்யிறது?” என்று கேட்டாள். நான் பாக் மானிடம் கேட்டேன். அவர் ஏரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கையால் வீசிக் காட்டி, “ஆயர், ஆயர்” என்றார். தண்ணீர் என்று அர்த்தம்.

“உது குளமெல்லோ. குடிக்கிற தண்ணி எங்கை?”

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? மலாயாக்காரருக்கு இது கேள்வியே அல்ல. அந்த அம்மாவுக்குத் தண்ணீரில் நஞ்சு இருக்குமென்று சந்தேகம் போலிருக்கிறது என்று பாக் மான் நினைத்தார். கரைக்கு இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி, எங்களைப் பார்த்துக்கொண்டே மடக்கு மடக்கென்று குடித்துக் காட்டினார். பூரணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரிந்து கிடக்கும் தண்ணீர் என்றால் எங்களுக்கு ஒன்று கடல், இல்லாவிட்டால் மாடு குளிப்பாட்டும் குளம். நிலத்துக்குள்ளிருந்து இறைத்து எடுப்பதுதான் குடிக்கிற தண்ணீர். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. காற்சட்டை போட்ட காரணத்தால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்ததாக ஒரு ஓடை ஏரியில் வந்து விழும் இடம். கண்ணாடி போன்ற தண்ணீர், வெள்ளைக் கூழாங்கல். இதைவிட என்ன வேண்டும் என்று பாக் மான் என்னைப் பார்த்தார். பூரணம் மூக்கைச் சுளித்தாள். “ஓடுற தண்ணியை எப்பிடி நம்பிறது? மேலை ஆர் குளிச்சினமோ, என்னத்தைக் கழுவிச்சினமோ.” மேலே குளிக்க ஆளே இல்லை, வெறும் காடு என்றேன். “அப்ப யானை குளிச்சிருக்கும்” என்றாள்.  வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விளையாட்டாகத்தான் சொன்னேன்: “அப்ப கிணறு வெட்டித்தான் குடிக்க வேணும்.”

அவள் நிமிர்ந்தாள். “வெட்டேலுமோ?”

மாதக்கணக்காக நான் காணாத முகம் அது. ஏலாது என்று யார் சொல்வார்? மறுபடி படகில் ஏறினோம். இப்போது இடம் தெரிந்தெடுத்தது அவள்தான். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கரை கரையாக இறங்கினாள். ஓரிடத்தில் மண் சேறு என்றாள். இன்னோரிடத்தில் பாறை. கடைசியில் மூங்கில்களுக்குப் பின்னால் கொஞ்சம் தாழ்ந்த ஒரு தறை நிலம் அகப்பட்டது. ஓரத்தில் ஒரு கறையான் புற்று. அதைச் சுற்றி மட்டும் புல் இளம் பச்சையாக இருந்தது. “இஞ்சை ஊத்து இருக்கும்” என்றாள். சூரியன் நின்ற பக்கத்தைப் பார்த்துத் திசை பிடித்து, வடகிழக்கு மூலையில் குதிக்காலால் ஒரு கோடு கீறி, “கிணறு இதிலை. கூடாரம் அந்தத் தென்மேற்கிலை. வாசல் கிழக்கை பாக்கட்டும்” என்றாள். அந்த ஒழுங்கில் போட்டால் கூடார வாசலுக்கு நேரே மலைச்சுவர். ஏரி முழுவதும் முதுகுப் பக்கம். ஏரி பார்க்க வந்து ஏரிக்கு முதுகு காட்டிப் படுத்த ஆட்களைப் பாக் மான் தம் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார். காரணம் கேட்டார். கிணறு என்பதற்கு அவர்கள் பெரிகி என்பார்கள். “பெரிகி” என்றேன். அவர் ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

சிரித்தாலும் மண்வெட்டியை அவரே எடுத்தார். மாறி மாறி வெட்டினோம். சண்டிலிப்பாயில் எங்கள் காணியில் கிணறு வெட்டியது நினைவுக்கு வந்தது. மேலே செம்மண் கொஞ்சம். அதற்குக் கீழே எல்லாம் கல். அலவாங்கு போட்டு நெம்பி, வெடி வைத்து, கல்லை அள்ளி, மறுபடி வெடி வைத்து, ஒரு கோடை முழுவதும் அதிலேயே போனது. வீட்டுக்கு அத்திவாரம் போடுவதைப் பற்றி என்னைப் பெற்ற ஐயா வாயே திறக்கவில்லை. எங்களுக்குள் கிணறுதான் முதல், வீடு பிறகு. வெறும் நிலத்தை வாங்கிப் போட்டவனை யாரும் அந்தத் தெரு ஒழுங்கையின் ஆளாக எண்ணுவதில்லை. கிணறு வெட்டினால்தான் வந்து குடியேறுகிறான் என்பார்கள். கீழே கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்த அன்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா தேங்காய் உடைத்தாள்.

இங்கே முழங்காலளவு வெட்டுமுன்பே தண்ணீர் வந்துவிட்டது. கலங்கல்தான், ஆனால் பக்கச் சுவரிலிருந்து ஊறி ஊறி வந்தது. பூரணம் குந்தியிருந்து கையை விட்டுப் பார்த்தாள். “குளிர்ந்து கிடக்கு!” என்று சிறுபிள்ளை போலக் கத்தினாள். கரையிலிருந்து கூழாங்கல்லைச் சுமந்துவந்து வாயைச் சுற்றி அடுக்கினாள். பிறகு ஒன்றும் யோசியாமல், சம்பலுக்கென்று கொண்டுவந்த ஒரேயொரு தேங்காயை எடுத்துக் கிணற்றடியில் உடைத்தாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இனிக் கப்பல் பேச்சு வராது, அவளை வென்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

பாக் மான் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டே என்னைத் துவான், அதாவது துரை, என்று கூப்பிட்டு ஏதோ சொன்னார். சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னார். நானும் அதே பகிடியோடு பூரணத்துக்குச் சொன்னேன்: “ரண்டு மூண்டு நாளுக்கு ஆரும் கிணறு வெட்டுவினமோ, துவான் இஞ்சையே குடியிருக்கப் போறாரோ எண்டு கேக்கிறார்.”

அவள் கை கல்லின்மேல் அப்படியே நின்றது.  பிறகு மெல்லக் கேட்டாள்: “அவர் கேக்கிறது சரிதானே? ஆர் வெட்டுவினம்?”

“நீதானே தண்ணி கேட்டனீ.”

“தண்ணி கேட்டன். ஓம். ஆனால் ஈசான மூலையை ஆர் பாத்தது? நானெல்லோ பாத்தன். தேங்காயும் நான்தானே உடைச்சன். என்னை ஆரும் உடைக்கச் சொல்லேல்லையே.” அடுக்கிய கல்லிலிருந்து கையை எடுத்தாள். “கோப்பாயிலை அக்காவுக்கும் எனக்கும் பங்குக் கிணறு இருக்கு. சீதன உறுதியிலை எழுதித் தந்த கிணறு. அது கிடக்க, நான் இஞ்சை வந்து கிணத்துக்கு இடம் பாத்துக்கொண்டு நிக்கிறன். இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. நாங்கள் திரும்பிப் போவமோ?”

பென்ஷன் எடுத்ததும் போவோம் என்று எத்தனையோ தரம் சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. மண்வெட்டி இறங்கும்போது எனக்கு இருந்த சந்தோஷம் தண்ணீர் கண்ட சந்தோஷம் மட்டுமல்ல. இந்த மண்ணைக் கொத்த எனக்குப் பிடித்திருந்தது. சண்டிலிப்பாயை நினைத்தால் நெஞ்சு நோகிறது, இன்றும் நோகிறது. அதற்காக இது பொய்யென்று சொல்ல முடியுமா? நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. மூங்கிலடிக்குப் போய் இருந்து அழுதாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பாக் மான் தாம் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து, படகடிக்குப் போய் வேலையில்லாமலே வேலை செய்துகொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் பார்த்தபோது கிணறு தெளிந்திருந்தது. பூரணம் அதில் அள்ளித்தான் சமைத்தாள், குளித்தாள், செம்பில் மொண்டு குடித்தாள். இருந்த நாட்களெல்லாம் நன்றாகச் சாப்பிட்டாள். ஏரிப் பக்கம் போய் நின்று மலையையும் பார்த்தாள். ஊர்க்கதை சொன்னாள், சிரித்தாள். சிரிப்பின் நடுவில் நிறுத்திவிட்டு எங்கோ பார்த்தாள். 

புறப்படுகிற அன்று பாக் மான் நாங்கள் வெட்டிய கிடங்கை மூட மண்வெட்டியோடு வந்தார். காட்டு மிருகம் ஏதும் விழுந்து காலை முறித்துக்கொள்ளும் என்றார், அது நியாயந்தான். பூரணம் குறுக்கே போய் நின்றாள். “தூர்க்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஊறுற கிணத்தைத் தூர்க்கிறது பாவம்.” இந்தப் பாவத்துக்கும் எனக்கு மலாய்ச் சொல் கிடைக்கவில்லை. மூங்கிலை வெட்டிச் சுற்றிவர ஒரு வேலி அடைத்தோம். பாக் மான் தலையை ஆட்டிக்கொண்டே கட்டுக் கட்டினார்.

படகு கரையை விட்டபோது கப்பல் டிக்கற்றைப் பற்றி அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என் பக்கத்தில், நான் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தாள். அணைக்கட்டு தெரியத் தொடங்கியபோதுதான் வாய் திறந்தாள்.

“அம்மாவுக்குக் கடிதம் எழுதேக்கை மலையைப் பற்றி எழுதுங்கோ. ஏரியைப் பற்றி எழுதுங்கோ. நான் நல்லாச் சாப்பிடுறன் எண்டும் எழுதுங்கோ. கிணறு வெட்டினதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அம்மா தாங்கமாட்டா.”