எதிர்க்கரையில் மச்சான்

மச்சானை நினைத்தால் முதலில் அவருடைய விரல்கள்தான் கண்முன் வருகின்றன. கிணறுகளிலும் ஊருணிகளிலும் பெர்மாங்கனேட் மருந்தைக் கரைத்துக் கரைத்து நகக்கண்களெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிப்பார். மச்சான் அதைக் கண்டுகொள்ளாமல் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருப்பார்.

அவர் என் அக்காவைக் கட்டியவர். மதுரைக்கு வடகிழக்கே இருந்த ஒரு சமஸ்தானத்தில் சுகாதார டாக்டர். நான் மதுரை ஜில்லா சுகாதார இலாகாவில் உதவி டாக்டர். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் ராஜா, எனக்கு வெள்ளைக்காரச் சர்க்கார். இரண்டு சர்க்கார்களுக்கும் எல்லையாக ஒரு பெரிய ஊருணி இருந்தது. வடகரை அவர்களுடையது, தென்கரை எங்களுடையது. தண்ணீர் யாருடையது என்று மட்டும் யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை நோக்கி வரும் மாட்டுவண்டி ஜனம் அங்கேதான் மாட்டை அவிழ்த்துப் போட்டுப் பொங்கித் தின்னும். அழகர் ஆற்றில் இறங்கி முடித்த சில நாட்களில் வாந்திபேதி வைகைக் கரையில் தொடங்கிவிடும். உங்கள் ஆட்கள் கொண்டுவந்தார்கள் என்று நாங்கள் எழுதுவோம். உங்கள் ஊரில் வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்று அவர்கள் எழுதுவார்கள்.

ஒரு வருஷம் மச்சான் யாரையும் கேட்காமல் ஊருணியில் மருந்தைக் கரைத்துவிட்டார். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியதும் தென்கரை ஜனங்கள் விஷம் கலந்துவிட்டதாகப் புகார் செய்தார்கள். விசாரிக்க என்னை அனுப்பினார்கள். போனால், எதிர்க்கரைப் படியில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, விசாரணைக்கு வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

"விசாரணைக்குத்தான் மச்சான்."

"அப்பச் சரி. முடிச்சிட்டு வீட்டுக்கு வா. ஒங்கக்கா கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கா."

அந்த விசாரணையிலிருந்துதான் கூட்டுக் கூட்டம் பிறந்தது. ஜில்லா, மதுரை நகரசபை, சமஸ்தானம் மூன்றும் மதுரையில் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. இருந்த காலரா ஊசி மருந்து கொஞ்சம்தான். எங்கே முதலில் போடுவது? லட்சக்கணக்கான ஜனம் கூடும் நகரத்துக்கே முழுவதும் வேண்டும் என்றது நகரசபை. அவர்கள் பயம் பொய்யில்லை. முந்திய வருஷம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில்கூடப் படுக்க இடமில்லாமல் போயிருந்தது. மச்சான் எழுந்து ஊருணிக்கரையில் முதல் முகாம் வேண்டும் என்றார். "சீக்கு ஒங்க ஊருக்கு வாரதுக்கு முந்தி எங்க ஊருல ஒரு பொழுது தங்கிட்டுத்தான் வருது. அங்கனயே நிப்பாட்டுவோம்."

நகரசபைத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். நோய் கண்ட வண்டி எதுவாக இருந்தாலும் அதை எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும். திருவிழா முடியும்வரை விடக்கூடாது. அதற்குச் சமஸ்தானம் பொறுப்பேற்றால் மருந்தில் பாதி ஊருணிக்கு. அழகரைப் பார்க்கப் புறப்பட்டவர்களைத் தடுப்பது என்றால் என்னவென்று அந்த அறையில் மச்சானை விட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தெரிந்தும் சம்மதித்தார். வெளியே வந்ததும் என் தோளில் கைவைத்து, "ஊர் பூராம் என்னை வையப் போகுது மாப்ள" என்றார்.

முகாம் தொடங்கிய அன்று ஊசிக்கு ஒருவரும் கை நீட்டவில்லை. அக்கா இடுப்புக் குழந்தையோடு வந்து முதல் ஆளாக நின்றாள். "எனக்குப் போடுங்க, அப்புறம் இவனுக்கு" என்றாள். அதைப் பார்த்துப் பெண்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்து ஆண்கள் வந்தார்கள். வடகரையில் அவரும் தென்கரையில் நானுமாகக் கை ஓயக் குத்தினோம்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் மச்சானின் சித்தி சின்னாத்தாவின் வண்டி வந்தது. உள்ளே அவளுடைய மகன் வாந்திபேதியில் சுருண்டு கிடந்தான். மச்சான் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"வருசம் பூராம் காத்திருந்தேனேடா. எங்களை மட்டுமாச்சும் விடுடா, அவன் இங்கன கெடக்கட்டும்" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னை விட்டா நாளைக்கு யாரை நான் நிப்பாட்டுறது ஆத்தா?"

அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் சின்னாத்தா ஊருணிக் கரையில் ஏறி மதுரை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி அழுதாள். சற்றுத் தள்ளி மச்சானும் அதே திசையில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மகன் பிழைத்துக்கொண்டான். அந்த வருஷம் வைகைக் கரையில் நோய் பரவவில்லை. ஆனால் சின்னாத்தா அதற்குப் பிறகு மச்சானோடு பேசவே இல்லை. அவர் வாசலுக்குப் போனால் உள்ளே போய்விடுவாள். இருந்தும் வருஷா வருஷம் முகாம் நடந்தது, கூட்டமும் நடந்தது. மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நானும் மச்சானும் மருந்துப் பங்குக்காகச் சண்டை போட்டோம்.

"ரெண்டு சர்க்காரும் ஒண்ணாயிட்டா நம்ம சண்டை தீந்துரும் மாப்ள" என்று அடிக்கடி சொல்வார். சுதந்திரம் வந்தது. சமஸ்தானம் இணைவதற்குச் சில மாதங்கள் முன்னால், வெயிலில் ஒரு கிராமத்துக்குப் போய்த் திரும்பியவர் மார்வலி என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை.

அடுத்த சித்திரைக்கான கூட்டத்தில் ஒரே சர்க்கார்தான். எல்லை இல்லாததால் எல்லை முகாமும் தேவையில்லை என்று முடிவாயிற்று. "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்கள். என் கண் தன்போக்கில் எதிர்நாற்காலிக்குப் போனது. அங்கே புதிதாக வந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரலை எதிர்த்தே பழகியிருந்த நான், அன்று எழுந்து மச்சான் பேசியிருக்கக்கூடியதையெல்லாம் பேசினேன். வண்டிகள் அதே பாதையில்தான் வருகின்றன என்றேன். பொழுது சாயும்வரை வாதாடி முகாமை வாங்கினேன்.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"லேசுல குடுத்தாகளா?" என்றாள்.

"இல்லக்கா. பெரிய சண்டை."

"யாரு கூட?"

"எங்க ஆளுக கூடத்தான்க்கா. மச்சான் பேசுற பேச்சை நான் பேசினேன்." அக்கா என் முகத்தையே பார்த்தாள். மச்சான் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவருவதாக அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.