சரிபார்த்தவர் கையெழுத்து

நூர் நிஷாவுக்குப் பம்பாய்த் தாராவியில் இரண்டு பெயர்கள். ஒன்று வாப்பா வைத்தது. மற்றது ‘குத்தம் பிடிக்கிறவ.’ இரண்டாவது பெயருக்கும் அவள் கூசாமல் திரும்பிப் பார்ப்பாள்.

காயல்பட்டினத்திலிருந்து வந்து, காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் முகம்மது ஹனீப்பின் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹனீப்புக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும். அவள் வருவதற்கு முன்பு, ஒரு கல்யாணப் பத்திரிகையில் கிழமை சரியாகவும் தேதி ஒரு நாள் தள்ளியும் விழுந்துவிட்டது. முலுண்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நிக்காஹ் முடிந்த மறுநாள் வந்து பிரியாணியைத் தேடினார்கள். அந்த அவமானத்தில் ஹனீப் ஒரு சட்டம் போட்டார்: நூர் நிஷா கையெழுத்துப் போடாத எதுவும் மிஷின் ஏறக் கூடாது.

1960, மாசி மாதம். நோன்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. தோல் வியாபாரி சலாவுதீன் தன் செலவில் நோன்பு நேர அட்டை அடிக்கக் கொடுத்திருந்தார். புரூப்பை மூலத்தோடு ஒப்பிட்டாள். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் நாள் நோன்பு திறக்க அட்டை சொன்ன நேரம் தாண்டியிருந்தது. எதிர்க் கூரையில் காயப்போட்ட தோல்களின் மேல் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது.

பேனாவை மூடினாள்.

“காக்கா, இது எங்கேயிருந்து எடுத்தது?”

“நம்ம காயல்பட்டினத்து அட்டை. சலாவுதீன் முதலாளி கொண்டாந்தாரு.”

“வெளியே பாருங்க. இந்நேரம் நோன்பு திறக்கச் சொல்லுது இந்த அட்டை. சூரியன் இன்னும் போகலை.”

புரூப் பார்க்க வந்து நாற்காலியில் இருந்த சலாவுதீன் சிரித்தார். “ஊர்ல எல்லாரும் இந்த அட்டையைத்தான் வச்சிருக்காங்க புள்ள. நாமளும் அந்த ஊர்தானே?”

“நாம அந்த ஊர்தான் மாமா. பம்பாய்ச் சூரியன் அந்த ஊரா?”

சிரிப்பு நின்றது. “அரே, நோன்பு திறக்கப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல மாட்டாங்களா?”

“அத்தனை தூரத்துல கோவண்டிப் பட்டறையில வேலை பாக்குறவனுக்குப் பாங்கு கேக்காது. உங்க அட்டையைத்தான் சுவத்துல ஒட்டுவாங்க. நாள் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காம கிடந்தவன், கடைசிக் கால் மணி நேரத்துல நோன்பை முறிச்சுட்டு நிப்பான். அது யார் தலையில?”

“கொடுத்ததை அடிக்கிறதுதானே உங்க வேலை? இல்லைன்னா வேற பிரஸ்ஸுக்குப் போறேன்.”

ஹனீப்புக்கு வியர்த்தது. “போட்டுத் தொலையேன் நிஷா. பெரிய பார்ட்டி.”

“மாட்டேன்.”

“அப்ப நான் போடுதேன்.”

“போடுங்க. மிஷின் ஓட்டுற இசக்கிப்பாண்டி அண்ணனுக்கு நீங்க போட்ட சட்டம் தெரியும்.”

மிஷின் பக்கமிருந்து குரல் வந்தது. “என்னைய இழுக்காதீங்க தாயீ!” ஆனால், மிஷின் ஓடவில்லை.

நூர் நிஷா புரூப்பின் அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘இந்த நேரங்களுக்குப் பொறுப்பு: சலாவுதீன்.’ பேனாவை அவர் முன் வைத்தாள்.

“நீங்க போடுங்க மாமா. இந்த வரியையும் சேர்த்து அச்சடிப்போம். அதுல நான் ஒரு எழுத்துத் தப்பு விட மாட்டேன்.”

சலாவுதீன் பேனாவை எடுத்தார். கூரையைப் பார்த்தார். தோல்களின் மேல் வெயில் அசையாமல் இருந்தது. ‘சீக்கிரம் போய்த் தொலையேன்’ என்பதுபோல் அதை முறைத்தார். வெயில் போகவில்லை. பேனாதான் மேசைக்குத் திரும்பியது.

“பள்ளியில நேரம் எழுதி வாங்கிட்டு வாரேன்,” என்று செருப்பைத் தேடினார். வாசலில் நின்று, “உன்னைக் கட்டிக்கிறவன் பாவம்,” என்றார்.

“அவனையும் சரிபார்த்துத்தான் கட்டுவேன்.”

மிஷின் பக்கம் இசக்கிப்பாண்டி இருமுவதுபோல் சிரித்தார்.

மறுநாள் புதுத் தாள் வந்தது. பள்ளியின் முத்திரை இருந்தது. எழுத்துக் கோத்து, புரூப் எடுத்து, ஹனீப் அவள்முன் நீட்டினார். “இது பள்ளியே கொடுத்தது. இப்பவாவது போடு.”

“இருங்க காக்கா. சாயந்தரம் ஆகட்டும்.”

சூரியன் மாஹிம் பக்கம் இறங்கும்வரை புரூப்போடு வாசற்படியில் நின்றாள். தோல்களின் மேலிருந்த கடைசி வெளிச்சமும் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தாள்.