மணல் கரட்டில் இரண்டு கல்

பேய், முனி என்று எவனாவது ஆரம்பித்தால் அவன் உட்காருகிற இடத்தில் நெருஞ்சி முள்ளை வைத்துவிடுகிற ஆள் நான். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் இந்த மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் மசியமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் இதைச் சொல்லும்போது எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், எப்போது சிரிப்பேன் என்று. நீங்களும் பாருங்கள்.

ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று மெட்ராசே பயந்துகொண்டிருந்த சமயம். மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் கரட்டடியில், அந்த மொட்டைக் குன்றுக்குக் கீழே, பட்டாளம் கூடாரம் போட்டிருந்தது. கரட்டின் மேல் பீரங்கிக் குண்டு போட்டுப் பழகுவார்கள். மத்தியானம் குண்டு என்றால் காலையில் ஒத்திகை, குண்டு இல்லாமல், வெறும் வாயால். தரையில் மணலைக் குவித்துக் கரட்டை அச்சாகச் செய்துவைத்து, ஆள் நிற்கிற இடத்துக்கெல்லாம் ஆளுக்கொரு கல் வைத்து, சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். சுபேதார் பேர் கூப்பிட்டதும் அவனவன் எழுந்து தன் வேலை என்ன, எங்கே நின்று செய்வது என்று ஒப்பிக்க வேண்டும். கொடி காட்டுகிறவன், குண்டு எடுத்துக் கொடுக்கிறவன், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன், ஒருவன் பாக்கி இல்லாமல்.

உள்ளூர்க்காரன் என்று என்னையும் கூலிக்கு வைத்திருந்தார்கள். எனக்கு இரண்டு வேலை. முந்தின சாயங்காலம் மணல் கரட்டைச் செய்துவைப்பது ஒன்று. ஒத்திகை முடிந்ததும், மணலில் காட்டியிருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிஜமாகவே நடந்து போய், ஆடு மாடு ஆள் யாருமில்லை என்று பார்த்துவந்து சொல்வது இன்னொன்று.

இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தது அவர்கள் தப்பு. கரட்டுக்குப் பின்னால் ஊமைப்பள்ளம் என்று ஒன்று இருக்கிறது, சுற்றிப் போய்வர ஒரு மைல், வழியெல்லாம் இண்டமுள். மணலில் அதை நான் செய்யவே இல்லை. இல்லாத பள்ளத்துக்கு என்னை யார் போகச் சொல்வார்கள்?

ஒருநாள் காலை வந்து பார்த்தால் மணலில் ஊமைப்பள்ளம் இருக்கிறது. பள்ளத்துக்குள் ஒரு கல், அதை ஒட்டி ஒரு சின்னக் கல். சமையல்காரச் சின்னப்பன் வேலை என்று நினைத்தேன், முந்தின நாள்தான் அவன் வெற்றிலைக்குள் மிளகாய் விதையை மடித்து வைத்திருந்தேன். இரண்டு கல்லையும் தூக்கி எறிந்து, காலாலேயே பள்ளத்தை நிரவிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது, சின்னப்பன் மெட்ராஸ்காரன், கூடாரத்தைத் தாண்டாதவன், அவனுக்கு ஊமைப்பள்ளம் எப்படித் தெரியும்?

சுபேதார் என் பேரைக் கூப்பிட்டார். எழுந்தேன். நம்பினால் நம்புங்கள், நிரவின இடத்தில் பள்ளம் மறுபடி கிடந்தது, இரண்டு கல்லோடு. சுற்றிப் பதினைந்து பேர், ஒருத்தனும் இடத்தை விட்டு அசையவில்லை.

சுபேதார் பிரம்பால் பெரிய கல்லைக் காட்டினார். "இங்க யாரை நிறுத்தியிருக்கே?"

"நான் வெக்கலீங்க."

"தினம் ஒரு விளையாட்டு உனக்கு. பள்ளம் நிஜமா இருக்கா, இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்குதுங்க" என்று வந்துவிட்டது.

"அப்போ அதைப் பார்க்கிறது உன் வேலை. போ."

முள்ளுக்குள் புகுந்து போனதில் பாதி வேட்டி அங்கேயே தங்கிவிட்டது. பள்ளத்தில் எங்கள் ஊர் நாச்சாயக்கா கிடந்தார். முந்தின சாயங்காலம் ஆட்டைத் தேடி வந்தவர் வழுக்கி விழுந்து, கணுக்கால் ஒடிந்து, ராவெல்லாம் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம்.

"நெசமாத்தான் வந்தயா சாமி, இல்ல இதும் உன்ற குறும்பா?"

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாருமில்லை என்று ஒப்பித்துவிட்டு நான் பாட்டுக்குச் சோறு தின்னப் போயிருப்பேன், மத்தியானம் குண்டு விழுந்திருக்கும். வழியில் கேட்டேன், கூட யாராவது வந்தார்களா என்று. தனியாகத்தான் வந்தாராம்.

கூடாரத்துக்கு வந்தால் மணலில் பெரிய கல்லைக் காணோம். சின்னக் கல் மட்டும் அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை, சுபேதார் பிரம்போடு அங்கேயேதான் நின்றிருக்கிறார். உடனே என்னோடு பத்துப் பேரைப் பள்ளத்துக்கு அனுப்பினார். இருட்டுகிறவரை புதர் புதராகத் தேடினோம். ஒன்றுமில்லை. ஆடுகூட முந்தின ராத்திரியே தானாக வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றைக்குக் குண்டு போடவில்லை. மறுநாள் பீரங்கியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், பட்டாளம் இருந்தவரைக்கும் ஊமைப்பள்ளத்தில் ஒரு குண்டும் விழவில்லை. நாச்சாயக்கா கால் தேறி, இப்போதும் என்னைக் கண்டால் நிற்க வைத்துத் திட்டுவார். அந்தத் திட்டு காதில் விழுந்தால் போதும், எனக்கு நெஞ்சு லேசாகிவிடும்.

ஆனால் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் பள்ளத்து மேட்டில் நின்று, "யாருங்க உள்ள?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் தாண்டுகிறேன். இதுவரைக்கும் பதில் வந்ததில்லை. பதில் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் கேட்கவே மாட்டேன்.