பத்திநாதர் அண்ணை மூடிய யன்னல்கள்

பத்திநாதர் அண்ணை ஒவ்வொரு நாள் காலையும் அந்த ரயில் பெட்டிக்குள் ஏறி ஆறு யன்னல் சீலைகளையும் இழுத்து மூடுகிறார். பத்து மணிக்குக் கண்காட்சிப் பொறுப்பாளர் செலீன் வந்து ஆறையும் திறந்துவிடுகிறார். இரண்டு மாதமாக இதே கூத்து.

முதலாம் உலகப் போரில் பிரான்சில் பதுங்குகுழி வெட்டவும் குண்டுப்பெட்டி சுமக்கவும் பிரித்தானியா கூட்டிப்போன சீனத் தொழிலாளர்களில் எண்பதினாயிரம் பேருக்கு மேல் கனடா வழியாக ரயிலில்தான் போனார்கள். அதைச் சொல்லத்தான் மொன்றியலின் பழைய ரயில் பட்டறை ஒன்றில் இந்தக் கண்காட்சி. அவர்கள் போன பெட்டி என்று ஒன்றைச் செய்தும் வைத்திருக்கிறார்கள். மெத்தை இருக்கை, திறந்த யன்னல், வெளியே படமாக ஓடும் மலைத்தொடர். பிள்ளைகள் ஏறியிருந்து படம் எடுக்கிறார்கள். உண்மையை அண்ணை சொன்ன பிறகு, அதைப் பார்த்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணைக்கும் எனக்கும் அங்கே செக்கியூரிட்டி வேலை. அண்ணை மன்னார்க்காரர், வயது அறுபத்து மூன்று. இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் செபமாலை, அதோடு ஒட்டிக்கொண்ட இஞ்சி இனிப்பு. கண்காட்சிக் கடையில் விற்கிற புத்தகங்களை, சாப்பாட்டு நேரத்தில் பிரெஞ்சு அகராதியை மடியில் வைத்து, ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டார். கதவைப் பூட்டி, யன்னலை மறைத்து, ஆயுதக் காவல் போட்டுத்தான் அந்த மனிதர்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருவரும் இறங்கி இந்த நாட்டில் தங்கிவிடக் கூடாதாம். பத்திரிகைகள் எழுதவும் தடை. மணிக்கட்டில் இலக்கம் பொறித்த பித்தளை வளையம். இதில் ஒரு வரிகூட அந்தப் பெட்டியில் இல்லை.

அண்ணை வருகிறவர்களை மறித்து மறித்து இதைச் சொன்னார். முறைப்பாடு போனது. இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வேலை இல்லை என்று செலீன் கடிதம் கொடுத்துவிட்டார். அண்ணையின் மனைவி அக்னெஸ் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போவதில்லை. வீடு ஓடுவது இந்தச் சம்பளத்தில்.

பேசாமல் இருந்துவிட்டுப் போகலாமே என்று நானும் புத்தி சொன்னேன். சொன்ன வாய்க்கு நன்றாக வேண்டும். அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, எண்பத்தெட்டில அகதியா வரேக்க, பூட்டின லொறிக்குள்ள நான் ரெண்டு நாள் கிடந்து வந்தனான். இருமவும் விடேல்லை. அதைப் போய் ஆரும் சுற்றுலா எண்டு காட்டினா, நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

போன சனிக்கிழமை, கண்காட்சிக்கு உதவிய பெரிய மனிதர்கள் வந்தார்கள். கையில் வைன் கிண்ணத்தோடு பெட்டிக்குள் ஏறி அமர்ந்தார்கள். எவ்வளவு அழகான பயணம் பாருங்கள் என்று செலீன் மலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணை உள்ளே போனார். ஒவ்வொருவரிடமும் “பார்தொன், பார்தொன்” என்று பணிவாக மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஆறு சீலைகளையும் இழுத்து மூடினார். இறங்கினார். கதவை வெளியே பூட்டினார்.

கடிதத்தில் தடுத்த கதை ஒரு சொல்கூட அவர் வாயில் வரவில்லை. முதலில் உள்ளே சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

அண்ணை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, கதவருகே நின்ற என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.