இரண்டாவது வட்டம்

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில், பழைய காலண்டர் அட்டைக்குள், நான் பயந்தபடியே அது இருந்தது. ஒரு முழ நீளத் தாள், மையொற்றும் தாளைப்போலத் தடிமனானது. ஒரு காலத்தில் அதில் வரிசையாக ஊதாப் புள்ளிகள் இருந்தன. அந்தச் சாயம் நிற்காது, கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். அதனால் சோதனை செய்கிறவர்கள் அன்றைக்கே ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டுவைப்பார்கள். அப்படிப் போட்ட வட்டங்களில் இரண்டு மட்டும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். அந்த இரண்டைத் தேடித்தான் என் கண் முதலில் போனது.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் எல்லோர் தலையிலும் வெள்ளைத் தூசு படிந்திருக்கும். இருபது வயதுக்காரனும் கிழவனாகத் தெரிவான். அக்காவின் கணவரான மாமா அங்கே சின்னக் கொட்டகை போட்டு, ஃபியூஸ் கேரியரும் ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் செய்துகொண்டிருந்தார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அவர்கள் வீட்டில் தங்கி, ஒரு பீங்கான் கம்பெனியின் சோதனை அறையில் வேலை பார்த்தேன். களிமண்ணில் இரும்பு எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. கொஞ்சம் கூடினாலும் வெள்ளையாக வரவேண்டிய ஜாடி பழுப்பாக வெந்து வரும். ஒருமுறை மாதிரி மண்ணைத் துருப்பிடித்த கரண்டியால் அள்ளிவந்த ஆளை எல்லோர் முன்னாலும் நான் கிழித்த கிழியில் அவர் இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. கலப்படம் என்றால் அவ்வளவு கறார்க்காரி நான்.

அக்கா மகனுக்கு அப்போது நான்கு வயது. நடந்தால் கால் பின்னும். திடீரென்று கை விறைத்து, கண் மேலே செருகி, வலிப்பு வரும். பேச்சு நான்கைந்து சொல்லோடு நின்றிருந்தது. அக்கா மறுபடி முழுகாமல் இருந்தாள், மூன்றாம் மாதம். பிறக்கப்போவதற்கும் இப்படி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் சிறுநீர்ச் சோதனை வேண்டும் என்றார். மூன்று நாள் கறி, மீன், சூப்பு எதுவும் பையன் வாயில் படக்கூடாது. மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் விடியும்வரை போகிற சிறுநீரைப் பிடித்து, அவர்கள் கொடுத்த பாட்டிலில் காலை ரயிலில் கொண்டுவர வேண்டும். அக்கா ஊர் திரும்பியதும் கறி வெந்த சட்டியைக்கூடப் பரணில் ஏற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. அக்கா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்டப் போனாள். தீராத குறையை மனுவாக எழுதிச் சாமி சந்நிதியில் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அவள் சொல்லச் சொல்ல மனுவை எழுதியது நான். என் பிள்ளைக்குக் கேடு செய்தவர் யாராக இருந்தாலும் நீயே விசாரிக்க வேண்டும் என்று என் முத்து முத்தான எழுத்தில் எழுதி, மடித்து, அவள் கையில் கொடுத்தேன்.

அதே நாள் மாமாவின் புதுச் சூளைக்கு முதல் நெருப்பு. அந்தக் கொட்டகையில் முதல் நெருப்புக்குச் சேவல் அறுத்துக் குழம்பு வைப்பார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளையின் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் உட்காருவார்கள். மாமா சூளை வாயை விட்டு அசைய முடியாமல் நின்றிருந்தார். சூளை மேஸ்திரி தூக்குவாளியோடு வீட்டு வாசலுக்கு வந்தார். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

“ஒரு வாய் போதும்மா. புள்ள வாயில படலன்னா சூளை ஏத்துக்காது. சரக்கெல்லாம் வெடிச்சிப் பூடும்.”

பையன் மூன்று நாளாகக் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தான். குழம்பு வாசனைக்குத் தவழ்ந்து வந்து என் முந்தானையைப் பிடித்தான். சாமிக்கு வைத்ததுதானே, ஒரு வாயில் என்ன கெட்டுவிடும் என்று சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மறுபடி நீட்டினான். மறுபடியும் கொடுத்தேன். பிறகு அவன் வாயை இரண்டு முறை தண்ணீர் விட்டுத் துடைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாமல் போனது அந்த இரண்டாவது துடைப்பால்தான்.

பத்து நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். நானும் போயிருந்தேன். சிறுநீரில் இருப்பதையெல்லாம் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் அந்தத் தாளை மேசையில் விரித்து, வட்டத்துக்குள் அடர்ந்து கிடந்த ஒரு புள்ளியைக் காட்டினார். கார்னோசின் என்று பெயர் சொன்னார். பீட்டா அலனின், ஹிஸ்டிடின் என்ற இரண்டு சின்னப் பொருள்கள் கைகோத்தது அது. மாமிசத்திலும் நம் தசையிலும் இருக்கிறது. தசை பாடுபடும்போது ஊறும் அமிலத்தைத் தாங்கிக்கொள்வது அதன் வேலை என்று அப்போது நினைத்தார்கள். ரத்தத்தில் அதை இரண்டாக வெட்டிப்போட ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதி இல்லாத பிள்ளைகளுக்கு வலிப்பு வருவதாக வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்கள், கறியே தின்னாதபோதும் இது சிறுநீரில் இறங்கினால் அந்தக் குறைதான், தாய் தகப்பன் வழியாக வருவது, அடுத்த பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார். பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னப் புள்ளி என்னவென்று தனக்குப் புரியவில்லை என்றும் சொன்னார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“மூணு நாளும் கறி எதுவும் குடுக்கலயே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சாமி சத்தியமா இல்லைங்க. சட்டியக்கூட எடுத்து வச்சிட்டேங்க.”

அக்கா சாட்சிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மாமிசத்தில் இருப்பது என்று அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துருப்பிடித்த கரண்டி என் கையில்தான் இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். அக்கா என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள், மாமா முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம்தான், வேறு பெரிய காரணம் ஏதும் கிடையாது. இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமே என்று டாக்டர் சொன்னார். அதற்குள் மாதம் ஏறிவிடும், பிறகு கலைக்க முடியாது என்று அக்கா மறுத்துவிட்டாள். கையில் ஒரு அத்தாட்சி வேண்டும் என்று அந்தத் தாளை மட்டும் கெஞ்சி வாங்கிக்கொண்டாள்.

கருவைக் கலைக்க ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் தள்ளித்தான் நாள் கொடுத்தார்கள். மூன்று வாரமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றோம். எந்த நாளிலும் நான் சொல்லியிருக்கலாம். மாமா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கருவைக் கலைத்துக் கூட்டிவந்தார். வண்டியை விட்டு இறங்கியவள் நேரே கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். பொம்புளப் புள்ளையாம்டி என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பிள்ளையே பெற்றுக்கொள்ளவில்லை. பையன் ஏழாவது வயதில் வலிப்பிலேயே போய்ச் சேர்ந்தான். முதல் நெருப்பில் அந்தச் சூளை ஒரு ஜாடியைக்கூட உடைக்கவில்லை.

நான் மேலே படித்து ஒரு கல்லூரியில் ஆசிரியையாகப் போனேன். அங்கே நூலகத்தில்தான் அந்தச் சின்னப் புள்ளியின் பெயரைக் கண்டுபிடித்தேன். அன்செரின். கார்னோசினுக்கு உடன்பிறப்பு மாதிரி, ஒரு சின்னக் கொசுறு கூடுதலாக ஒட்டிக்கொண்டது. வாத்தின் தசையில் முதலில் கண்டார்களாம். கோழியில் ஏராளம். மனிதத் தசையில் அது கிடையாது, தின்றால்தான் வரும் என்று அந்தப் புத்தகம் சொன்னது. சூளைக்கு அறுத்த சேவல்தான் அந்தத் தாளில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பையனுக்கு அந்தக் குறை உண்மையிலேயே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தத் தாளை வைத்து இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஆக்கியது நான்.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அக்கா தாளை எடுத்துவந்து என் மடியில் விரித்தாள். புள்ளிகள் அப்போதே கிட்டத்தட்ட வெளுத்துவிட்டிருந்தன. அவள் விரல் நேராக இரண்டாவது வட்டத்துக்குப் போனது.

“டாக்டருக்கே தெரியலன்னாரு. நீதான் இவ்ளோ படிச்சிருக்கியே. இதுல என்னடி இருக்குது?”

“ஒண்ணும் இல்லக்கா.”

அவள் நம்பினாள். தாளை மடித்துக்கொண்டே, நீ இருந்ததாலதான் அன்னிக்கி அவன வுட்டுட்டுத் தைரியமாக் கோயிலுக்குப் போனேன் என்றாள். எனக்குக் காபி போட எழுந்து போனாள்.

இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஊதா எங்கேயும் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பென்சில் வட்டங்கள் மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருக்கின்றன. இரண்டாவது வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அக்காவிடம் நான் சொன்னதும் அதைத்தான்.