கொம்பு புதைத்த மேல் அடுக்கு

என் மகளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கியதிலிருந்து முட்டைக்கோஸைக் கழுவிக் கழுவியே என் காலை போகிறது. உப்புத் தண்ணீர், பிறகு புளித்தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். இவ்வளவு கழுவினால் சத்தும் போய்விடுமோ என்று அடுத்த கவலை. அப்படி நிற்கும்போதெல்லாம் மாமா கொண்டுவந்த மாட்டுக் கொம்புகள் நினைவுக்கு வரும்.

அப்போது நாங்கள் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். வேலை முடிந்ததும் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் கோஸ் போடுவார். அடுக்கடுக்காக வெட்டிய அந்தச் சரிவின் கீழ் அடுக்கு எங்கள் சமையலறை வாசலைத் தொடும். மேல் அடுக்கு தேயிலைச் செடிகளை ஒட்டிப் பனிக்குள் கிடக்கும். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

அம்மாவின் தம்பியான என் மாமா, கம்போங் ராஜா பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து அங்கே வந்த ஒருவரிடம் புது விதமான விவசாயம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பசுக் கொம்பில் சாணியை அடைத்து மண்ணில் புதைக்க வேண்டும். சில மாதம் கழித்து எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிக்க வேண்டும். உரமூட்டையும் வேண்டாம், பூச்சிமருந்தும் வேண்டாம். இதைக் கேட்டு அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சாணியில வெளையும்னா, மாப்ள, தவுக்கே மொதலாளிங்க எல்லாம் மாடு மேய்க்கப் போயிருப்பானுங்கலா.”

“பாதி நெலத்தக் குடுங்க மச்சான். ஒரே ஒரு வெள்ளாமை. தோத்துட்டா அப்புறம் நான் வாயே தொறக்கல.”

மாமாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மாமாவுக்கென்று வேறு மண் கிடையாது. அப்பா மேல் பாதியைக் கொடுத்தார். விளையாவிட்டால் அதுவும் திரும்ப அப்பாவின் மருந்துக்கே போகும் என்று பேச்சு.

கொம்புகள் ரிங்லெட்டில் இறைச்சி விற்கும் பாயிடமிருந்து வந்தன. சாக்கைத் திறந்ததும் அம்மா பின்வாங்கினாள். “வீட்டுக்குள்ள கொண்டாராத. பாவம் நமக்குத்தான் சேரும்.” ஆனால் மறுநாள் காலையில் அவளே கொம்புகளைக் கழுவி, மாட்டுப் பொங்கலுக்குச் செய்வதுபோல மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

“பொதைக்கப் போற கொம்புக்கு அலங்காரமா?” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்க. செத்தாலும் அது மாடுதான்.”

மேல் அடுக்கில் குழிவெட்டிக் கொம்புகளைப் படுக்க வைத்தார்கள். மழைக்காலம் அவற்றின் மேல் பெய்து ஓய்ந்தது. தோண்டி எடுத்த நாளில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாமா ஒரு கொம்பைத் தட்டி, உதிர்ந்ததை என் உள்ளங்கையில் வைத்தார். அது சாணியே இல்லை. கறுப்பாக, மிருதுவாக, ஈரக் காட்டுக்குள் நுழைந்ததும் வருமே, அந்த மணம். ஒன்று வேறொன்றாக மாறுவதை நான் முதன்முதலில் கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான்.

அதில் ஒரு சிட்டிகையை மழைத்தண்ணீர் நிறைந்த டிரம்மில் போட்டு மாமா மூங்கில் கழியால் சுற்றினார். தண்ணீர் சுழன்று சுழன்று நடுவில் ஆழமாய் ஒரு குழி விழுந்தது. டிரம்மின் அடியே தெரிந்துவிடும் போலிருந்தது. உடனே எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். குழி உடைந்து, தண்ணீர் கொந்தளித்து, மறுபடியும் மெல்ல ஒரு குழி திறந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்த எனக்கு மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது. வெயில் சாய்ந்ததும் விளக்குமாற்றை அந்தத் தண்ணீரில் முக்கி மண்ணில் தெளித்தார். மண் குடித்தது. குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது என்று இன்றும் சொல்வேன்.

கீழ்ப் பாதியில் அப்பா கோழி எருவைக் கொட்டினார். மூக்கில் துண்டைக் கட்டி, முதுகில் தொட்டியை மாட்டி மருந்தடித்தார். அடித்துவிட்டு வந்தால், குளிக்கும்வரை தம்பியைத் தூக்க அம்மா விடமாட்டாள்.

அறுப்பு வந்தது. அப்பாவின் கோஸ் ஒவ்வொன்றும் என் தலையைவிடப் பெரியது, ஒரு ஓட்டை இல்லை. மாமாவுடையது என் இரண்டு கைக்குள் அடங்கியது, இலையெல்லாம் சல்லடை. அதிசயத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் கொஞ்சநேரம் பொறுத்தால் அவை பெருத்துவிடும் என்று அங்கேயே நின்றேன். காய்கறி எடுக்க வந்த தவுக்கே ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது பூச்சி சாப்ட்டு மிச்சம் வச்சதுலா.” லோரி அப்பாவின் கோஸால் நிறைந்தது. மாமா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப்போனார்.

மண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ள அப்பா போனபோது நானும் பின்னால் போனேன். நடு அடுக்குகளை எல்லாம் எடுத்துக்கொண்டவர், மேல் அடுக்கின் முன்னால் நின்றார். குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, பொடித்து, முகர்ந்து பார்த்தார்.

“இங்க வெயிலே வராது மாப்ள. இத நீயே வச்சுக்க.”

வெயில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. தோற்றவர்மேல் இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொம்பினால் விளைச்சல் கூடுமா என்று இத்தனை படித்த பிறகும் எனக்குத் தெரியாது. எங்கள் சரிவில் கூடவில்லை. மாமா மட்டும் மேல் அடுக்கில் டிரம் தண்ணீரைச் சுற்றித் தெளித்துக் கோஸ் போட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த அந்திகள்தான் எனக்கு நன்றாக ஞாபகம். தம்பியின் கஞ்சிக்குக் கோஸ் வேண்டும் என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பாள். நாள் முழுக்க லோரி ஓட்டிய களைப்போடு அப்பா எழுந்து, வாசலிலேயே வரிசையாக நின்ற பெரிய கோஸ்களைத் தாண்டி, ஒவ்வொரு அடுக்காக ஏறிப் பனிக்குள் மறைவார். திரும்பும்போது சட்டைக்குள் அணைத்தபடி ஓட்டை விழுந்த சின்னக் கோஸ் ஒன்று இருக்கும்.

“இங்கேயே இவ்வளவு இருக்கேப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது விக்கறதுக்கும்மா.”

நல்லதை எல்லாம் ஊருக்கு விற்றுவிட்டு, பாவம், மட்டமானதைத்தான் தம்பிக்குக் கொடுக்கிறோம் என்று நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.